ஓசூருக்கு மிக அருகில் ஒரு தாலாட்டு

“என் பொண்ணு காதுல விழப்போற ஒவ்வொரு சத்தமும் மொதல்ல என் காதுல இன்ஸ்பெக்‌ஷன் ஆவும். பாஸானாதான் அவகிட்ட போவும். ரிஜெக்ட் சத்தம் ஒண்ணே ஒண்ணுகூட என் வூட்டு வாசப்படியத் தாண்டாது. எழுதி வெச்சிக்கோங்க!”

மகளுக்குப் பெயர் சூட்டிய அன்று, வாடகை மைக்கைப் பிடித்துக் குருமூர்த்தி இப்படி முழங்கியபோது மைக் ‘கீய்ய்ங்’ என்று அலறியது. அவர் கலங்கவில்லை. “இதோ, இதுமாதிரி சத்தத்தத்தான் சொல்றேன்” என்று அதையே உதாரணமாக்கி விட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் கேசரி இருந்த கையோடு கை தட்டினார்கள். குழந்தைக்கு சுநாதா என்று பெயர். நல்ல ஓசை என்று அர்த்தம். அந்த நல்ல ஓசை அப்போது மைக்கைத் தோற்கடிக்கும் தொண்டையில் அழுதுகொண்டிருந்தது.

ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில், கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பவர் குருமூர்த்தி. அஞ்செட்டிப் பக்கம் பிறந்தவர். முடிந்து வந்த ஒவ்வொரு கியர்பாக்ஸையும் மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். சத்தம் சரியாக இருந்தால் பச்சைப் பொட்டு. இல்லையென்றால் சிவப்புப் பெயின்டைப் பூசிப் பூட்டுப் போட்ட கூண்டுக்குள் தள்ளிவிடுவார். அந்தக் கூண்டுக்குள் போனது மறுபடி வெளிச்சத்தைப் பார்க்காது. இந்த வேலைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கருவி வந்தது. அதுவும் குருமூர்த்தியும் கருத்து வேறுபட்ட சந்தர்ப்பங்களில் கருவியைத்தான் சர்வீஸுக்கு அனுப்பினார்கள். கம்பெனியில் அவருக்குப் பெயரே ‘காது’. “காது இன்னும் டீக்கு வரலியா?” என்று கேன்டீனில் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட காது, கல்யாணமான புதிதில் மனைவி வினிதாவின் கொலுசைக்கூட ஆட்டிப் பார்த்து, இடது காலில் ஒரு மணி லூஸ் என்று அறிக்கை கொடுத்தது. வினிதா மணப்பாறைக்காரி. வண்டிகளுக்கு ஒயர் பின்னும் கம்பெனியில் லைனில் நின்று, அந்த லைனுக்கே லீடர் ஆனவள். லீடர் ஆன கையோடு பிரசவ விடுப்பில் போனாள். விடுப்பு முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

தம்பதியின் திட்டம் கேட்பதற்கு எளிமையாக இருந்தது. வினிதா காலை ஷிப்ட். குருமூர்த்தி நிரந்தரமாக ராத்திரி ஷிப்ட். அவள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுவாள், அவர் வெளிச்சம் வந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவார். இடையில் ஒரு மணி நேரம் குழந்தையைப் பக்கத்து வீட்டு மாதேஸ்வரி பார்த்துக்கொள்வாள். அதன் பிறகு அப்பாவும் மகளும் பகலெல்லாம் தூங்குவார்கள். திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. சுநாதா அம்மா மடியைத் தவிர வேறெங்கும் தூங்குவதில்லை.

வினிதா வார்த்தையை மெல்லாமல் சொல்லிவிட்டாள். “இங்க பாருங்க. நான் இல்லாம புள்ள தூங்கணும். மொத நாளு டீ பிரேக்ல போன் பண்ணுவேன். அழுதுகிட்டு இருந்தான்னு வையிங்க, அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன். லீடராவது கீடராவது.”

“அதெல்லாம் வேணாம் வினிதா. சத்தம்தானே? அது என் டிபார்ட்மெண்ட்டு” என்றார் குருமூர்த்தி.

தேர்வு தொடங்கியது. செல்போனில் கிடைத்த தூக்கப் பாட்டுகளை எல்லாம் ஹெட்போன் மாட்டி முதலில் அவர் கேட்டார். புல்லாங்குழல், முதல் மூச்சிலேயே போயிற்று. “ஏர் லீக்கேஜ்” என்றார். வயலின், எண்ணெய் போடாத பேரிங். வினிதா ஆசைப்பட்டு, தன் ஊர்த் திருவிழாவில் ஒலிக்கும் பறையும் நாயனமும் கலந்த ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். குருமூர்த்தி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “இது கியர் பல்லு ஒடஞ்ச கேஸ்மா” என்று மென்மையாகச் சொன்னார். அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாடு அவரே போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று.

கடைசியில் பச்சைப் பொட்டு வாங்கியது வீணை. அதிர்வு இல்லை, கசிவு இல்லை. ஒரு கம்பி முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. புதுத் தூளியில் மகளைப் போட்டு, வினிதாவை மாதேஸ்வரி வீட்டில் உட்கார வைத்துவிட்டு, குருமூர்த்தி வீணையை ஓடவிட்டார். சுநாதா, ஓவர்டைம் கிடையாது என்று கேள்விப்பட்ட தொழிலாளியைப் போல அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வினிதாவை உட்கார்த்தி வைக்க மாதேஸ்வரி இரண்டு கைகளையும் பயன்படுத்த வேண்டியிருந்தது.

அவர்கள் குடியிருந்தது வெங்கடப்பனின் காம்பவுண்டில். வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு ஷிப்ட்காரர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார் அல்லது தூங்க முயன்றுகொண்டிருப்பார். எனவே சுநாதாவின் தூக்கம் விரைவில் பொதுப் பிரச்சினை ஆனது. ஆனேக்கல்லிலிருந்து வாழ வந்த மாதேஸ்வரி, “ஏனு சார், மகு பாவம், நீங்க வீணைல கொல்றீங்களே” என்று குழந்தைக்காக இரங்கி, கன்னடத்தில் ஒரு தாலாட்டுப் பாடிக் காட்டினாள். குருமூர்த்தி கண்ணை மூடிக் கேட்டு அந்த இடத்திலேயே பாஸ் போட்டார். சுநாதாவுக்கும் பிடித்துவிட்டது. பிடித்ததால் கை தட்டினாள், காலை உதைத்தாள், இன்னொரு தடவை என்று கேட்பதுபோல எச்சில் விட்டாள். தூக்கம் மட்டும் வரவில்லை. வீட்டுக்காரர் வெங்கடப்பன் தன் பங்குக்குத் தெலுங்கு பஜனை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் தூங்கியவர் வெங்கடப்பன். மழைச் சத்தம் போட்டுப் பார்த்ததற்கு சுநாதா முழு ஒத்துழைப்புக் கொடுத்தாள், ஆனால் நனைந்தது தூளி.

அப்படியே ஒரு மத்தியானம். கடைசி முயற்சியாக மறுபடி வீணை. சுநாதா உச்சத்தில் இருந்தாள். இன்னொரு பக்கத்துச் சுவருக்கு அப்பால் படுத்திருந்த புதுக்கோட்டைக்காரப் பிரம்மச்சாரி பெரியதம்பி, “அண்ணே, நாந்தாண்ணே அழுவணும்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அப்போது வீணை பட்டென்று நின்றது. நடுவில் விளம்பரம் புகுந்தது.

“ஓசூருக்கு! மிக! மிக! அருகில்! பசுமையான சூழலில், முப்பதடி தார்ச்சாலையுடன், சுவையான நிலத்தடி நீருடன், உங்கள் கனவு இல்லத்துக்கான வீட்டு மனைகள்! முந்துங்கள்! முந்துங்கள்! சில மனைகளே உள்ளன!”

மனை இருந்தது குருபரப்பள்ளி தாண்டி. அங்கிருந்து கிருஷ்ணகிரியை எட்டித் தொட்டுவிடலாம், ஓசூரைக் காண பஸ் ஏற வேண்டும். அது வேறு விஷயம். அந்தக் குரல்தான் விஷயம். தொண்டையில் சளியும், நெஞ்சில் அவசரமும், ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு நடுக்கமும் கொண்ட ஆண்குரல். குருமூர்த்தி அதை ஒரு கியர்பாக்ஸில் கேட்டிருந்தால் சிவப்புப் பெயின்ட் ஒரு டப்பா போதாது. பதறிப்போய்ப் போனை அணைக்கப் பாய்ந்தார்.

பாய்ந்தவர் பாதியில் நின்றார். அழுகை நின்றிருந்தது. சுநாதா வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ‘சுவையான நிலத்தடி நீர்’ வந்தபோது இமை தாழ்ந்தது. ‘முந்துங்கள்’ இரண்டாவது தடவை வருவதற்குள் தலை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. விளம்பரம் முடிந்து வீணை திரும்பியது. சுநாதா விழித்து அழுதாள்.

வினிதா பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள். “இப்பத் தூங்குனாளே! என்னத்தப் போட்டீங்க?”

குருமூர்த்தி தரையைப் பார்த்துச் சொன்னார். “மனை விக்கறாங்க.”

அவள் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. அந்த விளம்பரம் தனிக் காணொளியாக இருப்பதைத் தேடிப் பிடித்தாள். ஓடவிட்டாள். சுநாதா தூங்கினாள். மறுபடி மறுபடி ஓடும்படி வைத்தாள். சுநாதா தூங்கிக்கொண்டே இருந்தாள். பெரியதம்பி சுவருக்கு அப்பாலிருந்து கையெடுத்துக் கும்பிடும் சத்தம் கேட்டது. கும்பிடும் சத்தத்தையும் கேட்கக்கூடிய காது அது.

“எறக்கி வச்சுக்கங்க போன்ல. நெட்டு இல்லாட்டியும் ஓடும்” என்றாள் வினிதா.

“ரிஜெக்ட் பீஸ ஸ்டோர்ல ஏத்தறதா? நானா?”

“பின்ன இப்ப ஓடுறது என்ன?”

குருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. சிப்காட் முழுவதும் செல்லுபடியாகும் பதில். “இது அப்ரூவல் இல்ல வினிதா. டீவியேஷன்.”

பாகம் கொஞ்சம் கோணல், ஆனால் வண்டி அவசரமாகப் போயாக வேண்டும் என்றால், பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு அந்தக் கோணலை அப்போதைக்கு மட்டும் அனுமதிப்பார்கள். அதற்குத்தான் டீவியேஷன் என்று பெயர். அப்படி அனுமதித்ததை நல்ல சரக்கோடு சேர்த்து அடுக்கி வைக்கக் கூடாது. வந்த கையோடு அது போய்விட வேண்டும். பல வருஷமாக இந்த நெறி பிறழாதவர் குருமூர்த்தி. எனவே, மகள் எத்தனை முறை வேண்டுமானாலும் விளம்பரத்தைக் கேட்கலாம், அது மட்டும் வீட்டுக்குள் குடியேறக் கூடாது என்று தீர்ப்பானது. வினிதா தன் போனில் இறக்கி வைக்கப் போனபோதும், “அப்பறம் நான் என் காதுக்கு என்னா பதில் சொல்றது?” என்று கேட்டுத் தடுத்துவிட்டார்.

“உங்க காதுக்குப் பதில் சொல்லவா நான் கழுத்த நீட்டுனேன்? புள்ள தூங்குனாச் சரி” என்று அவளும் விட்டுவிட்டாள்.

அதன் பிறகு வெங்கடப்பன் காம்பவுண்டில் பகலெல்லாம் மனை விற்பனை நடந்தது. இதில் முதலில் கொதித்தவர் வெங்கடப்பன்தான். மாந்தோப்புக்குப் பின்னால் அவருக்கும் சொந்தமாக நாலைந்து மனை இருந்தது, கையால் எழுதிய போர்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“ஏமப்பா குருமூர்த்தி! என் காம்பவுண்டுல குந்திகினு எவனோடயோ மனைய வித்துக் குடுக்கறியா? நல்லா இருக்குதா இது?”

“ஓனர், நான் விக்கலீங்க. பாப்பா தூங்குது.”

“தூங்கறதுக்கு அவன் மனதான் வேணுமா? என் மனைல தூங்காதா?”

கேட்டதோடு நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துத் தூளிக்குப் பக்கத்தில் போட்டு, தொண்டையைச் செருமி, ஆறு மாதக் குழந்தையிடம் நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டார். “பாப்பா, நம்முது ரெண்டு பக்கமும் ரோடு. மேட்டு நெலம். மழ வந்தா தண்ணி நிக்காது. பட்டா க்ளியர்.” சுநாதாவின் உதடு பிதுங்கியது. பட்டா என்றதும் வீறிட்டாள். வெங்கடப்பன் எழுந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. “பட்டா க்ளியர்னு சொன்னா அழுவுதே. அதுக்கு என்னா தெரிஞ்சிபோச்சோ” என்று முனகிக்கொண்டே போனவர், மறுநாள் தன் போர்டில் விலையைக் குறைத்து எழுதினார்.

இரண்டாவது பலி பெரியதம்பி. ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவன். அந்த முதல் மத்தியானத்துக்குப் பிறகு, அவன் விழித்திருக்கும் நேரத்தில் அந்த விளம்பரத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தான், குளித்தான், சலவைச் சட்டை போட்டான், மனை பார்க்க இலவசமாக அழைத்துப்போகும் வேனில் ஏறினான். சாயங்காலம் பிரியாணிப் பொட்டலமும், அட்வான்ஸ் கட்டிய களைப்புமாகத் திரும்பினான்.

“எதுக்குடா வாங்கின?” என்று கேட்டார் குருமூர்த்தி.

“தெரியலண்ணே. தண்ணி சுவையா இருக்குமாமே.”

“யாரு சொன்னாங்கோ?”

பெரியதம்பி யோசித்தான். “யாரோ சொன்னாங்கண்ணே. நெறைய தடவ சொன்னாங்க.” பிறகு சற்றுப் பெருமையோடு சேர்த்துக்கொண்டான். “கடைசி மனைண்ணே அது. எனக்குன்னே காத்துக்கிட்டு இருந்துருக்கு.”

கடைசி மனை என்ற சொல்லின் பாரம் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

அடுத்த நாள் வினிதா வேலைக்குத் திரும்பினாள்.

குருமூர்த்தி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது மாதேஸ்வரி வாசலிலேயே நின்றாள். தோளில் சுநாதா, ஊருக்கே கேட்கும்படி அழுதுகொண்டு. “சார், மகு அம்மாவக் கேக்குது. உங்க மனைக்காரரைப் போடுங்க சீக்கிரம். எனக்கு டைமாச்சு, நான் வர்றேன்.” குழந்தையைக் கையில் திணித்துவிட்டுத் தன் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினாள்.

தூளியில் போட்டார். போனை எடுத்தார். விளம்பரம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டமும், இந்தக் காணொளி நீக்கப்பட்டுவிட்டது என்ற ஒரு வரியும் இருந்தன.

அணைத்துப் போட்டுப் பார்த்தார். வேறு பெயரில் தேடினார். மனை விற்றவர்களின் எண் கிடைத்தது. கூப்பிட்டார்.

“வணக்கம் சார், சொல்லுங்க சார், சைட் விசிட்டா சார்?” என்றான் எதிர்முனையில் ஓர் உற்சாகம்.

“சைட் வேணாங்க. அந்த வெளம்பரம் வேணும். குருபரப்பள்ளி லேஅவுட்டு.”

“அது சோல்ட் அவுட் சார். நேத்துதான் கடைசி பிளாட் முடிஞ்சுது. வெளம்பரத்தை எடுத்துட்டோம். சூளகிரில புது லேஅவுட் வருது சார், லேடி வாய்ஸ், சூப்பரா இருக்கும்.”

“லேடி வேணாம். அந்தப் பழைய ஆளு... அவர் வாய்ஸ் மட்டும் இருந்தா...”

“அவர் இப்ப சோபா மேளாவுக்குப் பேசறாரு சார். பின்னாடி யாரோ அழுவறாங்களே சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

குருமூர்த்தி போனை வைத்தார். வீணையைப் போட்டார். சுநாதா வீணையைக் கேட்டு, இவ்வளவு நாள் பழகியும் இப்படியா என்பதுபோல இன்னும் ஒரு படி ஏறினாள். முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. சுவருக்கு அப்பால் பெரியதம்பி புரண்டு படுக்கும் சத்தம். தன் கடைசி மனை என்ன காரியம் செய்துவிட்டது என்று அவனுக்குத் தெரியாது. தூக்கத்தில் இருப்பவனிடம் சொல்லி ஆகப்போவதும் இல்லை.

டீ பிரேக்குக்கு அதிக நேரம் இல்லை. லைன் தலையில், பச்சை நிற மேல்கோட்டில், லீடர் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கும் வினிதா அவர் கண்ணுக்கு வந்தாள். அந்த பேட்ஜ் வாங்கிய நாளில் அவள் அதைக் கழற்றாமலேயே தோசை ஊற்றினாள். இன்னும் சற்று நேரத்தில் அதைக் கழற்றி யாரோ ஒரு ஹெச்.ஆர். மேசையில் வைப்பாள், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தையும் குறை சொல்ல மாட்டாள். அதுதான் தாங்காது.

ஒரு ராகத்தை முனகிப் பார்த்தார். ஆயுளில் முதல் முறையாகத் தன் குரலைத் தானே இன்ஸ்பெக்‌ஷனுக்கு எடுத்துக்கொண்டதில் முடிவு உடனே தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க விழித்த தொண்டை. உள்ளே ஏதோ உரசுகிறது. சிவப்புப் பெயின்ட்.

கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். தூளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நாலு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.

“ஓசூருக்கு... மிக... மிக அருகில்...”

சுநாதா மூச்சு வாங்கினாள்.

“பசுமையான சூழலில்! முப்பதடி தார்ச்சாலையுடன்!” சளி தானாகவே வந்தது. அவசரம் ஏற்கெனவே இருந்தது. வாலில் நடுக்கத்தையும் சேர்த்தார், அது இல்லாமல் அவளுக்குப் பிடிக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். “சுவையான நிலத்தடி நீருடன்!” அடுத்து என்ன என்பது மறந்துபோனது. நிறுத்தினால் கெட்டது. “கரண்டு வசதியுடன்! அம்மா வர்ற பஸ் வசதியுடன்! பக்கத்துலயே மாதேஸ்வரி அக்கா வசதியுடன்! முந்துங்கள்! முந்துங்கள் கண்ணு!”

அழுகை விக்கலாகி, விக்கல் முனகலாகி, அவர் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. இன்னும் இரண்டு சுற்று சொன்னார். மூன்றாவது சுற்றில் ஓசூரைத் தாண்டிப் பெங்களூருக்கும் மிக அருகில் ஆகிவிட்டது மனை.

போன் அதிர்ந்தது. வினிதா.

“என்னங்க? தூங்கிட்டாளா?” பின்னால் கேன்டீன் தட்டுகள் மோதும் சத்தம். அவள் மூச்சு விடாமல் காத்திருப்பது அதற்கு நடுவிலும் கேட்டது.

“தூங்கிட்டா.”

“நெசமா? எதுல? வெளம்பரத்த எடுத்துட்டாங்கன்னு காலைலயே பஸ்ல பாத்தேன்.”

குருமூர்த்தி காதைத் தடவிக்கொண்டார். “வீணைலதான். நான் மொதல்லயே சொன்னேன் இல்ல, நல்ல சத்தத்துக்கு எப்பவும்...”

தூளி அசைந்தது. உள்ளே ஒரு சிணுங்கல். போனை வைக்க இடம் தேட நேரமில்லை. அதைக் கையில் பிடித்தபடியே குனிந்து, தூளிக்குள் தலையை விட்டு, தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

“முப்பதடி தார்ச்சாலையுடன்... சுவையான நிலத்தடி நீருடன்... தூங்கு கண்ணு, சில மனைகளே உள்ளன...”

கேன்டீன் தட்டுகளின் சத்தம் போனிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. வினிதா போனைத் துண்டிக்கவில்லை. பிரேக் முடிந்ததற்கான மணி அடிக்கும்வரை அவர் அங்கே மனை விற்றுக்கொண்டிருந்தார்.